இரண்டு புரொசெசரும் ஒரு சீஆர் கொப்பியும்



போன வாரம் புதுக் கொம்பியூட்டரின் படம் ஒன்றைப் போட்டதில் இருந்து இன்பொக்ஸ் நிறைய ஒரே கேள்வி. "சேர், என்ன போர்ட் போட்டீங்க? எவ்வளவு முடிஞ்ச? எங்கட புள்ளைக்கும் ஒண்டு எடுக்கணும்." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத ஏலாது. அதனால் நடந்த முழுவதையும் இங்கேயே எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

"எழுதுகிறோம்" என்பது மரியாதைப் பன்மை இல்லை. எங்களில் ஒருவர் கணிதம் படிப்பிக்கிறவர், மற்றவர் வீட்டில் தையல் மெஷின் போட்டுத் தைக்கிறவர். ஒருவர் டைப் பண்ண, மற்றவர் பக்கத்தில் இருந்து "அத அப்படிச் சொல்லாதீங்க" என்று திருத்திக்கொண்டு இருக்கிறார். ஆகவே இது இருவரின் பதிவு.

மூத்த மகன் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு. இசட் புள்ளி கொஞ்சத்தால் தவறியது. இரண்டாம் முறை எழுதச் சொன்னோம், மனமில்லை என்றான். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் வீட்டில்தான். பகலில் பதினொரு மணிக்கு எழும்புவான். இரவில் அறைக்கதவு சாத்தியிருக்கும். கதவிடுக்கால் நீல வெளிச்சம் மட்டும் வரும். தஹஜ்ஜுத்துக்கு எழும்பினாலும் அந்த வெளிச்சம் அணைந்திருக்காது. எங்களுக்கு அது கேம் என்றுதான் முடிவு. கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்லிவிடுவானோ என்ற பயம் ஒரு பக்கம், உண்மை சொல்லிவிடுவானோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

கட்டாரில் இருக்கும் மாமா, "அனுப்புங்க, ஒரு ஸ்டோர் வேலை பாத்துத் தாறன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 2024 இல் எங்கள் சீட்டு விழுந்தது. கையில் இரண்டரை இலட்சம். அதை மகனின் பயணத்துக்கு என்று நாங்கள் இருவரும் மனதுக்குள் ஒதுக்கி வைத்துவிட்டோம். மகனிடம் சொல்லவில்லை.

அந்தக் கிழமைதான் அவன் சாப்பாட்டு மேசையில் போனை நீட்டினான். "வாப்பா, இந்த போர்ட்டப் பாருங்க. ரெண்டு புரொசெசர் போடலாம்."

எங்கள் பாடப்புத்தகத்தில் அது தாய்ப்பலகை. வீட்டில் மதர்போர்ட். சாதாரணமாக ஒரு தாய்ப்பலகையில் புரொசெசர் உட்காரும் இடம் ஒன்றுதான். அவன் காட்டியதில் இரண்டு இருந்தன, இரண்டு பக்கமும் ரேம் போடும் வரிசைகளோடு. சீனாவில் செய்த போர்ட். அதில் போடுவது இன்டெல் சியோன் இ5-2680 வி4 என்ற புரொசெசர் இரண்டு. 2016 இல் வந்த சாமான், பெரிய பெரிய சேர்வர்களில் ஓடிக் கழித்தது. ஒன்றில் 14 கோர், இரண்டும் சேர்ந்தால் 28. அதோடு 64 ஜிபி ரேம். எல்லாம் ஒரு செட்டாக, நம்ப முடியாத விலையில்.

"28 கோர் வாப்பா. எங்கட ஊர்லயே ஒருத்தர்ட்டயும் இல்ல."

எங்களுக்கு முதலில் வந்தது 2021 ஞாபகம். ஒன்லைன் வகுப்புக் காலம். ஒரு போனில் மூன்று பிள்ளைகள் படிக்க ஏலாமல், ஒருவரிடம் பாவித்த கொம்பியூட்டர் ஒன்று வாங்கினோம். வெளியே ஐ7 என்று ஸ்டிக்கர். மூன்று மாதத்தில் படுத்துவிட்டது. திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது பழைய கோர் 2 டுவோ. விற்றவரின் போன் அதற்குப் பிறகு வேலை செய்யவே இல்லை. மிஞ்சியது மொனிட்டர் மட்டும். அதனால் "பாவிச்ச சாமான்" என்ற சொல்லைக் கேட்டாலே இருவருக்கும் வயிறு கலங்கும்.

"வேணாம் மகன்" என்றோம். ஒரே குரலில். அவன் போனை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டான். சோறு பாதி அப்படியே கிடந்தது.

அன்றிரவு எங்களில் தைக்கிறவர்தான் சொன்னார்: "காரணம் சொல்லாம வேணாம் எண்டு சொல்லிட்டம். ஸ்கூல்ல ஒரு புள்ள கணக்கப் பிழையாச் செஞ்சா, ஏன் பிழை எண்டு காட்டாம வெட்டிப் போடுவீங்களா?"

சரி, படிப்போம் என்று உட்கார்ந்தோம். அடுத்த சில இரவுகள் படித்ததுதான் உங்களுக்கும் பிரயோசனப்படும்.

இரண்டு புரொசெசர் போர்ட் புதுமை இல்லை. 1999 இல் தாய்வானின் ஏபிட் நிறுவனம் பிபி6 என்று ஒரு போர்ட் விட்டது. இன்டெலின் மலிவான செலரோன் இரண்டை அதில் போடலாம். அதுவரை சேர்வர் வாங்குகிறவர்களுக்கு மட்டும் கிடைத்த வசதி வீட்டுக்கு வந்தது. ஆனால் அந்தக் காலத்தில் வீடுகளில் இருந்த விண்டோஸ் 98க்கு இரண்டாவது புரொசெசர் இருப்பதே தெரியாது. அதைப் பாவிக்க விண்டோஸ் என்டி, விண்டோஸ் 2000 அல்லது லினக்ஸ் வேண்டும். பிறகு 2005 இல் இன்டெலும் ஏஎம்டியும் ஒரே புரொசெசருக்குள் இரண்டு கோர் வைத்து வீட்டுப் பாவனைக்கு விற்கத் தொடங்கின. அதோடு வீட்டுக்கு இரண்டு சொக்கெட் தேவை என்ற கதை பெரும்பாலும் முடிந்தது. இப்போது அது திரும்பி வந்திருப்பது, பெரிய கம்பனிகள் கழித்த சேர்வர் புரொசெசர்கள் மலிவாகக் குவிந்ததால்.

போர்ட்டின் விலையைப் பார்த்து விழக் கூடாது என்பதும் அப்போதுதான் விளங்கியது. பின்னால் வரும் செலவு இது:

இப்படியான போர்ட்கள் பல பெரியவை. இ-ஏடிஎக்ஸ் என்றால் 305க்கு 330 மில்லிமீற்றர் வரை வரும். சாதாரண ஏடிஎக்ஸ் 305க்கு 244 தான். சாதாரண கேசிங்கில் உட்காராது.

பவர் சப்ளையில் புரொசெசருக்கான 8 பின் வயர் இரண்டு வேண்டும். மலிவான சப்ளைகளில் ஒன்றுதான் இருக்கும்.

கூலர் இரண்டு. ரேம் இரண்டு பக்கமும் பிரித்துப் போட வேண்டும். சேர்வர் ரேமையும் சாதாரண ரேமையும் கலக்க முடியாது.

அந்தச் சியோன்களுக்குள் கிராபிக்ஸ் இல்லை. படம் தெரியவே தனிக் கார்ட் வேண்டும்.

இப்போதைக்கு ஒரு புரொசெசர், பிறகு மற்றது என்று நினைத்தால், இரண்டாவதோடு இணைந்த ரேம் இடங்களும் கார்ட் இடங்களும் அதுவரை வேலை செய்யாது.

விண்டோஸ் ஹோம் பதிப்பு ஒரு சொக்கெட்டைத்தான் பாவிக்கும். இரண்டுக்கு புரோ வேண்டும். விண்டோஸ் 11 இந்தப் பழைய சியோன்களை ஏற்பதாக மைக்ரோசொஃப்ட் சொல்லவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது.

அடுத்தது கரண்ட். அந்தப் புரொசெசர் ஒன்று 120 வொட், இரண்டு 240. இன்று கடையில் இருக்கும் ரைசன் 5 5600 போன்ற ஒன்று 65 வொட். வித்தியாசம் 175. நாளுக்கு ஆறு மணித்தியாலம் முழு வேகத்தில் ஓடினால் வித்தியாசம் மட்டும் ஒரு யூனிட்டுக்கு மேல். மாதத்துக்கு 30 யூனிட். எங்கள் வீட்டுப் பில் 90ஐத் தாண்டாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. 30 கூடினால் அடுத்த படிக்கு ஏறும், நிலையான கட்டணமும் ஏறும். 2022க்குப் பிறகு கரண்ட் பில்லை யாரும் கண்ணை மூடிக்கொண்டு திறப்பதில்லை.

இவ்வளவையும் எழுதிக்கொண்டு மகனைக் கூப்பிட்டோம். எங்களில் கணிதக்காரருக்கு இன்னொரு ஆயுதமும் கிடைத்திருந்தது. ஜீன் அம்டால் என்ற பொறியியலாளர் 1967 இல் சொன்ன விதி. தரம் 10 பிள்ளைக்கும் விளங்கும். நூறு நிமிட வேலை ஒன்று. அதில் 10 நிமிடம் ஒருவர் மட்டுமே செய்யக் கூடியது, 90 நிமிடத்தைப் பங்கு போடலாம். 14 பேர் செய்தால் 90ஐ 14 ஆல் பிரித்து 6.4, அதோடு 10. மொத்தம் 16.4 நிமிடம். ஆளை இரட்டிப்பாக்கி 28 பேர் போட்டால் 3.2உம் 10உம், 13.2 நிமிடம். இன்னும் 14 பேரைக் கூட்டியும் மிச்சம் மூன்று நிமிடம்.

தைக்கிறவர் அதையே வேறு மாதிரிச் சொன்னார். "பத்து யூனிபோர்ம் எண்டா ரெண்டு மெசின் போட்டா பாதி நேரம். ஒரு யூனிபோர்ம ரெண்டு பேர் தைச்சா பாதி நேரத்தில முடியாது. கழுத்துத் தைக்கும் வரைக்கும் மத்தவ சும்மா இரிக்கணும். நூல் அவட மேசையில, துணி எங்கட மேசையில எண்டா எழும்பி எழும்பி நடக்கிறதே வேலை."

சேர்வர்களில் இருப்பதும் அதுதான். ஒவ்வொரு புரொசெசருக்கும் தன் பக்கத்து ரேம் கிட்ட, மற்றப் பக்கத்து ரேம் தூரம். அங்கே இருப்பதை எடுக்க நேரம் கூடப் போகும்.

மகன் பேசாமல் கேட்டான். பிறகு பேனையை வாங்கி, அதே தாளில் எழுதினான்.

"வாப்பா, ரெண்டரிங்கில பங்கு போட ஏலாதது பத்து நிமிசமில்ல. ஒரு நிமிசம் எண்டு வைங்க. 14 பேருக்கு 8.1. 28 பேருக்கு 4.5. கிட்டத்தட்டப் பாதி. உம்மா சொன்ன பத்து யூனிபோர்ம்தான் அது. படத்தச் சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சு ஒவ்வொரு கோருக்கும் குடுக்கிற."

கணக்கு சரி. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாளும் போர்ட்டைப் பற்றித்தான் படித்திருக்கிறோம். ரெண்டரிங் என்றால் என்ன, அவன் எதை ரெண்டர் பண்ணுகிறான் என்று ஒரு சொல் கேட்கவில்லை.

"அதில நீ என்ன செய்யிற மகன்?"

"வீட்டுப் பிளானுக்குப் படம் செய்யிறன். கட்டி முடிஞ்சா எப்படி இரிக்கும் எண்டு."

நம்புவதா இல்லையா என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும், பாதிதான் நம்பினோம். ஆனால் ஆசிரியர் புத்தி ஒன்று இருக்கிறதே. அலுமாரியில் இருந்து புதுச் சீஆர் கொப்பி ஒன்றை எடுத்துக் கொடுத்தோம். "ஒரு கிழமைக்கு எழுது. எத்தனை மணிக்கு உட்கார்ந்த, எத்தனை மணிக்கு எழும்பின, அதில படம் செஞ்சது எவ்வளவு, மெசின் ரெண்டர் பண்ண நீ காத்திருந்தது எவ்வளவு. அதப் பாத்து முடிவெடுப்பம்." ரெண்டரிங் நேரம் கூட என்றால் அவன் கேட்ட போர்ட்டுக்கே போவோம் என்றும் சொன்னோம். பேச்சுக்குச் சொன்னதில்லை. வாக்குத்தான்.

ஏழாம் நாள் கொப்பி மேசைக்கு வந்தது. ரூலர் வைத்துக் கோடடித்து, நிரல் போட்டு எழுதியிருந்தான். பாடசாலைக் காலத்தில் அவனுடைய எந்தக் கொப்பியும் அப்படி இருந்ததில்லை.

மொத்தம் 41 மணித்தியாலம்.

மச்சானின் மடிக்கணினி அது. மச்சான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர். இரவு பத்தரைக்குப் பிறகுதான் அதைக் கொடுப்பார், காலையில் அவருக்கு வேண்டும். அதனால்தான் இரவு. அதனால்தான் நீல வெளிச்சம். படம் செய்தது 29 மணி. ரெண்டரிங் ஆறரை. ஆட்கள் கேட்ட திருத்தங்கள் மூன்று. மடிக்கணினி இறுகிப்போய்த் திரும்பப் போட்டது இரண்டரை. வியாழக்கிழமைக்கு நேரே, "சேவ் பண்ணல, எல்லாம் போச்சு, திரும்ப" என்று எழுதியிருந்தது.

கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினோம். அது எங்களுக்குக் காட்ட எழுதியதில்லை என்று நினைக்கிறோம். மேசன் பாஸ் ஒருவருக்காகச் செய்த படங்கள், வந்த காசு, போன செலவு. நடுவில் ஒரு வரி: "உம்மாட மெசின் மோட்டர்".

அந்த மோட்டர் இரண்டு மாதத்துக்கு முதல் எரிந்தது. கூட்டாளியிடம் சும்மா கிடந்தது என்று சொல்லித்தான் அவன் கொண்டுவந்து பூட்டினான். நாங்களும் நம்பினோம். அதை மட்டும் உடனே நம்பினோம்.

எங்களில் ஒருவர் எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டார். மற்றவர் கொப்பியைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டு இருந்தார், கூட்டல் சரியா என்று பார்ப்பதுபோல. கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

இனி முடிவுக்கு வருவோம்.

41 மணியில் ரெண்டரிங் ஆறரை. மிச்ச நேரத்தில் அதிகம் அவன் சுவர் எழுப்புவது, ஜன்னல் வைப்பது, திருப்பித் திருப்பிப் பார்ப்பது. அந்த வேலைகளில் பெரும்பாலும் ஒன்று இரண்டு கோர்தான் ஓடும். மற்ற 26 கோரும் சும்மா இருக்கும். அங்கே தேவை கோர் எண்ணிக்கை இல்லை, ஒரு கோரின் வேகம். அந்தப் பழைய சியோனின் கோர் கூடியது 3.3 கிகாஹேர்ட்ஸ். ரைசன் 5 5600 கூடியது 4.4. தலைமுறையும் புதிது என்பதால் ஒரு கோருக்கு ஒரு கோர் வைத்தால் ஒன்றரை மடங்குக்கு மேல் வேகம். ரெண்டரிங்குக்கு மகன் பாவிக்கும் பிளெண்டர் மென்பொருளில் அந்த வேலையை கிராபிக்ஸ் கார்ட்டிடமே கொடுக்கலாம். கொழும்பில் இதே துறையில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரிடம் கேட்டோம். "சேர், ரெண்டு சியோனுக்குப் போடுற காசக் கார்ட்டுக்குப் போடுங்க. பல மடங்கு வித்தியாசம்" என்றார்.

மகனே சொன்னான்: "அப்ப ஒரு சொக்கெட் போதும் வாப்பா." முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. 28 என்ற இலக்கத்துக்கு ஒரு கவர்ச்சி இருக்கத்தான் செய்கிறது.

இதுதான் போட்டது: ரைசன் 5 5600, பி550 மதர்போர்ட், 16 ஜிபி ரேம் இரண்டு, ஒரு டெராபைட் எஸ்எஸ்டி, 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கார்ட். 12 ஜிபி எடுத்ததற்குக் காரணம், செய்கிற காட்சி முழுவதும் கார்ட்டின் நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். மொனிட்டர், அந்த 2021 மொனிட்டர்தான். பழைய 650 விஏ யூபிஎஸ் பட்டும் படாமல் தாங்குகிறது. இரண்டு சியோனும் கார்ட்டும் என்றால் கட்டாயம் பெரிய யூபிஎஸ். எல்லாம் புதிது, பில்லோடும் வொரன்டியோடும். இரண்டரை இலட்சத்தைத் தாண்டியது. தாண்டியதை மகன் போட்டான். நாங்கள் வேண்டாம் என்றோம், அவன் கேட்கவில்லை.

மடிக்கணினியில் ஒன்றரை மணித்தியாலம் எடுத்த படம் இப்போது எட்டு நிமிடம். முதல் படம் முடிந்தபோது வீட்டில் எல்லோரும் திரைக்கு முன்னால்தான் நின்றோம், பெருநாள் பிறை பார்ப்பதுபோல.

இரண்டு புரொசெசர் போர்ட் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரே மெசினில் பல மெசின்களை ஓட்டிப் படிக்கிற பிள்ளைகள், மிக நிறைய ரேம் தேவையானவர்கள், கார்ட்டுக்குள் அடங்காத பெரிய காட்சிகளை இரவு முழுக்க ஓட விடுகிறவர்கள், இவர்களுக்கு அது மலிவான நல்ல வழி. பழுதானால் தானே திருத்தத் தெரிந்திருக்க வேண்டும், கரண்ட் பில்லையும் தாங்க வேண்டும். அவ்வளவுதான்.

மாமா இன்னும் கட்டாரில் இருந்து கேட்கிறார். மகனிடம் இப்போது அதை மறைக்கவில்லை. "ஒரு வருசம் தாங்க, அதுக்குப் பொறகு நானே சொல்றன்" என்றான். அந்த வருடம் எப்படிப் போகும் என்று எங்களுக்குத் தெரியாது. சில மாதம் மேசன் பாஸிடமிருந்து வேலை வருகிறது, சில மாதம் வராது. ஊரில் கட்டடம் எழும்பினால்தான் அவனுக்கும் வேலை. கொப்பியை மட்டும் விடாமல் எழுதுகிறான். இப்போது பகலில்.

"எந்த போர்ட் எடுக்கிற?" என்று கேட்ட எல்லோருக்கும் எங்கள் பதில் இதுதான். கடைக்குப் போக முதல் ஒரு சீஆர் கொப்பி வாங்கிப் பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு கிழமை எழுதச் சொல்லுங்கள். கேம்தான் விளையாடுகிறான் என்றால் அதுவும் தெரியவரும். அதற்குப் பிறகு இன்பொக்ஸுக்கு வாருங்கள், மகனே பதில் சொல்வான்.

எங்கள் பிள்ளைக்கும் உங்கள் பிள்ளைகளுக்குமாகத் துஆ செய்யுங்கள்.